ரயில் தடத்தை ஒட்டிச் சென்னை: கையில் காசு குறைந்த மாணவருக்கு ஒரு வழிகாட்டி

தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வரும் மாணவர்களில் பலர் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இது காசுள்ளவர்களின் ஊர், நமக்கு விடுதியும் வகுப்பறையும் போதும் என்பதே அந்த முடிவு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டிலிருந்து வரும் பணம் மாதத்தின் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும்; அந்தப் பணத்தில் எதைப் பார்த்தோம், எதைக் கேட்டோம் என்று யோசித்தால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. பின்னர் ஒரு நோட்டில் நாள்தோறும் கணக்கெழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பணம் கேளிக்கைக்குப் போகவே இல்லை. ஆட்டோவுக்கும், வழி தெரியாமல் ஏறி இறங்கிய வண்டிகளுக்கும், பசி முற்றியபின் கண்ணில் பட்ட முதல் கடைக்கும் போயிருந்தது.

அந்தக் கணக்கிலிருந்து நான் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையில் பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பகுதி இரண்டு ரயில் தடங்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அந்த இரண்டையும் பழகிக்கொண்ட மாணவருக்கு இந்த நகரம் மிகவும் மலிவானது. பழகாதவருக்கு எவ்வளவு பணம் வந்தாலும் போதாது.

முதலாவது: வந்து இறங்கும் நாளும் முதல் வாரமும்

தெற்கிலிருந்து வரும் வெளியூர்ப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட அந்த முனையம் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளி, வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே இருக்கிறது. பெட்டியும் படுக்கையுமாக அதிகாலையில் இறங்குபவரைச் சூழ்ந்துகொண்டு, 'எந்த ஏரியா தம்பி?' என்று கேட்பவர்களிடம் பதில் சொல்லத் தொடங்கினால், உங்கள் முதல் மாதச் செலவுப் பணத்தில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். அதே வளாகத்திலிருந்து மாநகரப் பேருந்துகள் தாம்பரத்துக்கும் நகரின் பிற பகுதிகளுக்கும் புறப்படுகின்றன. தாம்பரம் வந்துவிட்டால் அங்கிருந்து மின்சார ரயில் இருக்கிறது. ரயிலில் வருபவர்கள் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்குவது, பல்லாவரம், குரோம்பேட்டை, கிண்டி பக்கம் தங்கப்போகிறவர்களுக்கு நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

அறைக்கு வேண்டிய சாமான்களை முதல் நாளே பெரிய கடைகளில் வாங்கிக் குவிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்து பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். பழைய திரிசூலம் சாலையோரம் வாரந்தோறும் கூடும் அந்தச் சந்தையில் பழைய மேசை, நாற்காலி, மின்விசிறி, வாளி, பூந்தொட்டி, பழைய புத்தகம், அரைகுறையாக ஓடும் கடிகாரம் என எல்லாமே கிடைக்கும். விலை கேட்டவுடன் பாதியிலிருந்து பேசத் தொடங்குங்கள். மின்சாதனங்களை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் வாங்கிய மேசை விளக்கு அறைக்கு வந்தபின் எரியவே இல்லை. ஆனால் அன்று அதனோடு வாங்கிய நாற்காலி படிப்பு முடியும் வரை தாங்கியது.

இரண்டாவது: இரண்டு தடங்களையும் மனப்பாடம் செய்யுங்கள்

முதல் தடம் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்வது. கடற்கரை, தாம்பரம் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் என்று நகரத்தின் முதுகெலும்பு போல நீள்வது இதுதான். இந்தத் தடத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய்.

இரண்டாவது தடம் கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில். 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் நீண்ட இந்தத் தடத்தின் நிலையங்கள் பெரிதாகவும் இருட்டாகவும் வெறிச்சென்றும் இருக்கும். அதைப் பார்த்து அஞ்சி இதைத் தவிர்ப்பவர்கள் பலர். பகலில் அந்த அச்சம் தேவையற்றது. மெரினா, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், கோட்டூர்புரம், அடையாறு, திருவான்மியூர், தரமணி எல்லாம் இந்த ஒரே தடத்தில் இருக்கின்றன. இரவு வெகுநேரம் கழித்து, குறிப்பாகத் தனியாக, இந்த நிலையங்களில் இறங்குவதைவிடப் பேருந்தில் வருவது நல்லது.

மெட்ரோவைப் பற்றி ஒரு சொல். குளிரூட்டப்பட்டது, தூய்மையானது, சொன்ன நேரத்துக்கு வருவது. ஆனால் மின்சார ரயில் போகும் இடத்துக்கே மெட்ரோவில் போனால் மூன்று நான்கு மடங்கு செலவாகும். விமான நிலையத்துக்கோ கோயம்பேட்டுக்கோ வண்ணாரப்பேட்டைக்கோ போகும்போது அதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் டிக்கெட்டைக் கைப்பேசியில் க்யூஆர் வழியாக எடுத்தால் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டு பிழைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிடுவது. இருக்கைகளைப் பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. பெட்டியின் வெளிப்புறத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் பயணக் கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம். இன்னொன்று, எல்லா நிலையங்களிலும் நிற்காத விரைவு வண்டியில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடந்து போவது. நடைமேடை அறிவிப்பை முழுவதும் கேட்டுவிட்டு ஏறினால் இது நேராது.

மூன்றாவது: சலுகை அட்டைகளை முதல் மாதமே வாங்குங்கள்

மாணவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட் பாதிக் கட்டணத்தில் கிடைக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் சான்றுக் கடிதம் வாங்கி, முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, நிலையத்தில் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் இந்தக் கடிதத்துக்கு ஒரு வாரம் அலைய நேரலாம், சலிப்படைந்து விட்டுவிடாதீர்கள். சீசன் டிக்கெட்டைக் கல்லூரிக்குப் போய்வரும் செலவு என்று மட்டும் கணக்கிடுவது தவறு. அது ஞாயிற்றுக்கிழமையும் செல்லும், மாலையிலும் செல்லும், ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் செல்லும். ஆகவே உங்கள் கல்லூரி குரோம்பேட்டையில் இருந்து நீங்கள் தங்குவது சேத்துப்பட்டாக இருந்தால், இடையிலுள்ள நிலையங்கள் அத்தனையும் அந்த மாதம் முழுவதும் கூடுதல் காசில்லாமல் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. அறை தேடும்போதே இதை நினைவில் வைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் பக்கத்திலேயே தங்காமல் சற்று வடக்கே தள்ளி, நகரத்தை நோக்கிய நிலையம் ஒன்றின் அருகே இடம் கிடைக்குமா என்று பாருங்கள்.

மாநகரப் பேருந்துகளில் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டையும், மற்றவர்களுக்குச் சலுகை அட்டையும் உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் முற்றிலும் இலவசம். இதனால் ஒரு மாணவி, தடம் தெரிந்துவிட்டால், எண்ணூர் முதல் தாம்பரம் வரை ஒரு காசும் செலவழிக்காமல் சுற்றி வரலாம். மாணவர்கள் குறைந்தபட்சம் 5 ரூபாய் கொடுத்து அதே பேருந்தில் ஏறலாம். பலகையைப் பார்க்காமல் சொகுசுப் பேருந்தில் ஏறினால் அதே தூரத்துக்கு இரு மடங்குக்கும் மேல் ஆகும். 1,000 ரூபாய்க்கு மாதம் முழுவதும் விருப்பம்போல் பயணம் செய்யும் அட்டையும் இருக்கிறது. ஆனால் நாள்தோறும் நான்கைந்து பேருந்து ஏறி இறங்குபவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்கவும், பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கவும் 2025 செப்டம்பரில் தொடங்கிய 'சென்னை ஒன்' செயலி உதவுகிறது.

நான்காவது: சாப்பாடு

இதில்தான் மாணவர்களின் பணம் அதிகம் கரைகிறது. காரணம் விலைவாசி மட்டுமன்று. எந்த வேளைக்கு எங்கே சாப்பிடுவது என்று காலையிலேயே முடிவு செய்யாததும் காரணம். இரவு ஒன்பதரை மணிக்குக் கைப்பேசியில் வரவழைக்கும் பிரியாணியின் விலையில் உணவு பாதி, பெட்டியும் வண்டியும் கட்டணங்களும் மீதி.

அம்மா உணவகங்கள் 2013 பிப்ரவரியில் தொடங்கின. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்ற விலையில் அவை தொடங்கியபோது, இது எத்தனை நாள் நடக்கும் என்று பலர் ஐயப்பட்டார்கள். எல்லா இடத்திலும் சுவையும் தூய்மையும் ஒரே தரத்தில் இருப்பதில்லை என்பது உண்மைதான். உங்கள் பகுதியில் உள்ளதற்கு ஒரு வாரம் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலை இட்லிக்கு எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. அங்கே சாப்பிடத் தயங்குவது மாணவர்களிடம் நான் கண்ட ஒரு வீண் கூச்சம். நின்றுகொண்டு சாப்பிடும் அந்த மேசைகளில் ஆட்டோ ஓட்டுநரும், கட்டட வேலைக்கு வந்தவரும், கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைப் பிரதிநிதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை எங்கும் காணலாம்.

மதியத்துக்கு மெஸ்கள் இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் மேன்ஷன்களை நம்பி வளர்ந்த மெஸ்கள் இன்றும் நடக்கின்றன. மாதக் கணக்கில் டோக்கன் வாங்கினால் ஒரு வேளைக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் ஊருக்குப் போகும் நாட்களுக்குப் பணம் திரும்ப வருமா, டோக்கன் அடுத்த மாதமும் செல்லுமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பியபோது கையில் செல்லாத டோக்கன்கள் பதினெட்டு இருந்தன. உணவகங்களில் 'அளவுச் சாப்பாடு' என்றும் 'முழுச் சாப்பாடு' என்றும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். பெரும்பசி இல்லாத நாளில் அளவுச் சாப்பாடே போதும்.

மாலைக்குக் கையேந்தி பவன்கள். தள்ளுவண்டியில் சூடாக வார்க்கும் தோசைக்கு அஞ்ச வேண்டியதில்லை. தட்டு கழுவும் தண்ணீரையும், திறந்து வைத்த சட்னியையும் ஒரு கண் பார்த்துக்கொண்டால் போதும். கூட்டம் நிற்கும் வண்டியில் மாவும் சட்னியும் தேங்குவதில்லை. கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் பக்கம் மாலையில் விற்கும் அத்தோவை ஒருமுறையாவது சாப்பிட வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் கிடைக்கும். ஒரு தட்டு அத்தோ ஓர் இரவுச் சாப்பாட்டுக்குச் சமம். மயிலாப்பூரில் மாட வீதியோரம் காளத்தி கடை ரோஸ்மில்க்கும், சன்னல் வழியே பஜ்ஜியும் பொங்கலும் எடுத்துத் தரும் ஜன்னல் கடையும் கோயிலுக்கு வரும் கூட்டத்தோடு வரிசையில் நின்று வாங்கத் தகுந்தவை.

அறநிலையத் துறையின் பல கோயில்களில் நண்பகலில் அன்னதானம் உண்டு. ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்தில் உணவு வழங்குபவர்களில் மயிலாப்பூரைச் சேர்ந்த சிந்தி இந்துத் தொண்டர்கள் பல ஆண்டுகளாக முன்னிற்கிறார்கள். மாதக் கடைசியில் பணமில்லாமல் போவது குற்றமன்று. இப்படிப்பட்ட இடங்களில் பசியோடு போய் உட்காருவதும் இழிவன்று.

ஐந்தாவது: ஒரு ஞாயிறு, ஒரு நிலையம்

ஒரே நாளில் அருங்காட்சியகம், கடற்கரை, கோயில், தியாகராய நகர் என எல்லாவற்றையும் சுற்றி முடிக்க முயல்வது உறவினர் வீட்டுக்கு இரண்டு நாள் வந்தவர் செய்ய வேண்டியது. நீங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் இருக்கப் போகிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு நிலையத்தில் இறங்கி, அந்தப் பகுதியை நடந்தே பார்த்துவிட்டு மாலையில் திரும்புங்கள். செலவு போகவரக் கட்டணமும் ஒரு வேளை உணவும் மட்டுமே. நான் போன வரிசையிலேயே சில நிலையங்களைச் சொல்கிறேன்.

எழும்பூரில் தொடங்குங்கள். நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. அங்கே 1851இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் ஒரு காபி விலைக்குள் அடங்கிவிடும், வெள்ளிக்கிழமை விடுமுறை. பெரும்பாலோர் விலங்குகளின் எலும்புக்கூடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வெண்கலப் படிமக் கூடத்துக்கு முதலில் போங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரியும் திருவாலங்காட்டு நடராசரும் அங்கே இருக்கிறார்கள். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் உலோக உடலை இங்கே சுற்றி வந்து பார்க்க முடியும். அமராவதியின் பளிங்குச் சிற்பங்கள் வேறொரு கூடத்தில். நான் எதிர்பாராமல் நின்ற இடம் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களின் முன்னால்தான். அலெக்சாண்டர் ரீ நூறாண்டுகளுக்கும் முன்னே அகழ்ந்தெடுத்த தாழிகளும் வெண்கலப் பொருட்களும் அவை. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் நான் சன்னலோரம் பார்த்த அந்தப் பரம்பு மேட்டை, 600 கி.மீ. தள்ளி வந்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன்.

அதே வளாகத்தை ஒட்டி 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. ஒரு ஞாயிறு இந்த இரண்டுக்கே சரியாகப் போகும்.

கோட்டை நிலையம் அடுத்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் போக அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 1680இல் வழிபாட்டுக்குத் திறந்த புனித மேரி தேவாலயத்தின் தரையில் பதித்திருக்கும் கல்லறைப் பலகைகளை நிதானமாகப் படித்தால், இருபது வயதில் கப்பலேறி வந்து இந்த வெயிலில் மாண்டுபோனவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். வேற்றூரில் படிக்க வந்தவனுக்கு அது ஏனோ நெருக்கமாக இருந்தது. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கிருந்து பாரிமுனை நடக்கும் தூரம்.

பூங்கா நிலையத்துக்கு அருகே அல்லிக்குளம் வணிக வளாகம். 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைக்காரர்கள் பிறகு இடம்பெற்றது இங்கேதான். பாடநூலின் முந்தைய பதிப்பு உங்களுக்குப் போதுமா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். போதுமென்றால் புதிய நூலின் விலையில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடைகளிலும் அப்படியே. படித்து முடித்த நூல்களை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு.

பரங்கிமலை, பல்லாவரம் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். பரங்கிமலைப் படிகளில் ஏறக் கட்டணம் இல்லை. மேலே சிறிய பழைய தேவாலயமும், விமானங்கள் இறங்குவதையும் நகரம் விரிந்து கிடப்பதையும் பார்க்கும் திறந்த வெளியும் உண்டு. மாலை நாலரை மணிக்குப் போவது சிறப்பு. பல்லாவரத்தில் பார்ப்பதற்கென்று ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. ஆயினும் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இங்கேதான் என்று தெரிந்துகொண்டு, சந்தைக்குப் போகும் வழியில் தரையைப் பார்த்து நடப்பதில் ஒரு சுவை இருக்கிறது.

பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்கினால் மெரினா. நண்பகலில் மணலில் நடப்பது தண்டனை. காலை ஆறு மணிக்கு மீனவர்கள் படகு இழுக்கும் நேரமும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் ஏற்றவை. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கடலில் மட்டும் இறங்காதீர்கள். அடியிழுப்பு மிகுந்த கரை இது. கால் நனைக்கப் போய் மீளாத மாணவர்களின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கலங்கரை விளக்கத்தில் சிறு கட்டணம் செலுத்தி மின்தூக்கியில் மேலேறிப் பார்க்கலாம்; திங்கட்கிழமை மூடியிருக்கும். சாலையின் மறுபக்கம் இருக்கும் வட்டமான விவேகானந்தர் இல்லம், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது. சென்னை வெயிலில் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்ப்பதே ஒரு குளிர்ச்சி.

திருமயிலையில் இறங்கிக் கபாலீசுவரர் கோயிலையும் நான்கு மாட வீதிகளையும் சுற்றுவது பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை; யாரும் தாமாகவே போய்விடுவார்கள். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் வீதியுலா நாளில் போனால் வழியெங்கும் நீர்மோர், பானகம், புளியோதரை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பணப்பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அந்த நெரிசலில் அதுதான் பாதுகாப்பும்.

கோட்டூர்புரம் நிலையம் தனியாகச் சொல்லத் தகுந்தது. அங்கிருந்து சற்று நடந்தால் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். உறுப்பினராகாமலேயே உள்ளே போய்ப் படிக்கலாம், கட்டணம் இல்லை. முழுவதும் குளிரூட்டப்பட்டது, இரவு வரை திறந்திருக்கிறது. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. மே மாதத்தில் தகரக் கூரை போட்ட மாடியறையில் தங்கியிருக்கும் மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி இந்த நகரத்தில் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவதால் ஒன்பது மணிக்குள் போங்கள். பையை வாயிலில் வைத்துவிட வேண்டியிருக்கும் என்பதால் நோட்டும் பேனாவும் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கண் அயர்ந்தால் பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம் இருக்கிறது. தமிழில் காட்சி எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். இலக்கியமோ வரலாறோ படிப்பவர்கள் இன்னும் நான்கு நிலையம் தள்ளித் தரமணிக்குப் போய், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களை அடித்தளமாகக் கொண்டு உருவான ஆராய்ச்சி நூலகத்தையும் பார்த்துவிட வேண்டும்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள். வாரநாட்களில் குறிப்பிட்ட மணி நேரங்களில் மட்டுமே பார்வையாளர்களை விடுகிறார்கள்.

ஆறாவது: திரையும் இசையும் புத்தகமும்

திரையரங்குக் கட்டணத்துக்குத் தமிழ்நாட்டில் அரசின் உச்சவரம்பு இருப்பதால் பிற பெருநகரங்களைவிட இங்கே படம் பார்ப்பது மலிவு. செலவைக் கூட்டுவது இணைய முன்பதிவுக் கட்டணமும் இடைவேளைச் சோளப்பொரியும்தான். வெளியாகி இரண்டாம் வாரம், வாரநாள் காலைக் காட்சிக்கு, அரங்கத்தின் டிக்கெட் கவுன்ட்டருக்கே நேரில் போங்கள். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு, ஜெர்மன் பண்பாட்டு மையங்களான அலியான்ஸ் பிரான்சேஸிலும் கோதே இன்ஸ்டிடியூட்டிலும் அவ்வப்போது இலவசத் திரையிடல்கள் நடக்கும். டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் அனுமதி அட்டை உண்டு. அந்த ஒரு வாரத்தில் பார்க்கும் படங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் ஒரு படம் தேநீர் விலைக்கு வரும்.

அதே டிசம்பர் இசை விழாவின் காலம். மாலைக் கச்சேரிகளுக்குத்தான் பெரிய கட்டணம். காலையிலும் பிற்பகலிலும் இளங்கலைஞர்கள் பாடுவதும் வாசிப்பதும் பெரும்பாலான சபாக்களில் இலவசம். கர்நாடக இசை ஒன்றும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் தெரியாது; ஒரு பிற்பகல் வெயிலுக்கு ஒதுங்கப் போய், நாகஸ்வரம் கேட்டு, மார்கழி முழுவதும் போய்க்கொண்டிருந்தேன். கச்சேரிதான் இலவசம், கேன்டீன் அன்று. அடை அவியலுக்கு ஆசைப்பட்டால் அந்த வாரத்துக் கணக்கு குலைந்துவிடும்.

சனவரியையொட்டி நந்தனத்தில் புத்தகக் காட்சி. எல்லாக் கடைகளிலும் 10 விழுக்காடு கழிவு உண்டு. முதல் நாள் வெறுங்கையோடு போய்ப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து, இரண்டு நாள் கழித்துப் பாதியை அடித்துவிட்டு, மீதியை வாங்கப் போங்கள். பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் திடல்களிலும் 'சென்னை சங்கமம்' நிகழ்ச்சிகள் கட்டணமின்றி நடக்கும். பறை, கரகம், தெருக்கூத்து என நாட்டார் கலைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆகஸ்டு 22ஐ ஒட்டிச் சென்னை தினத்துக்காக நடக்கும் மரபு நடைகளில் பல இலவசம்; முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும்.

ஏழாவது: ஊருக்குப் போகும் டிக்கெட்

இது நகரத்தை அனுபவிப்பதில் சேராது என்று தோன்றலாம். ஆனால் ஆண்டு முழுவதும் ஐந்தும் பத்துமாகச் சேமித்ததை ஒரே இரவில் இழப்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியார் பேருந்தில் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுப்பதில்தான். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. நெல்லை, முத்துநகர், பொதிகை போன்ற வண்டிகளில் சில நிமிடங்களில் இடம் முடிந்துவிடும். பண்டிகைத் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாட்களைக் கல்லூரி திறந்த வாரமே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் மறக்க வேண்டாம்.

அப்படியும் இடம் கிடைக்காமல் ஒரு பொங்கலுக்கு இங்கேயே தங்க நேர்ந்தால் வருந்த வேண்டியதில்லை. பாதி நகரம் ஊருக்குப் போயிருக்கும். மின்சார ரயிலில் சன்னலோர இருக்கை கிடைக்கும், புத்தகக் காட்சியும் சங்கமமும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வரும். காணும் பொங்கலன்று மட்டும் மெரினாப் பக்கம் போகாதீர்கள். சென்னையில் மீதமிருக்கும் அத்தனை பேரும் அன்று அங்கேதான் இருப்பார்கள். பரங்கிமலை உச்சி அன்று மாலை பெரும்பாலும் காலியாக இருக்கும்.